எப்படி இயங்குகிறது? நாலு கோடி இலக்க எண்ணும் லட்டுத் தட்டும்

13,62,79,841 இரண்டுகளை வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். வருவதில் ஒன்றைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 8816943 என்று தொடங்கி 551 என்று முடியும். பக்கத்துக்கு 3,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் 13,000 பக்கம் தாண்டும். 2024 அக்டோபர் 12ஆம் தேதி இது பகா எண் என்று உறுதியானது. அன்றுவரை அறியப்பட்ட பகா எண்கள் அத்தனையையும்விட இது பெரியது. அதற்கு முந்தைய சாதனை எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள்தான்.

பகா எண் என்பது பள்ளிப் பாடம்: 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது. 13ஐப் பார்த்ததும் சொல்லிவிடுவோம். 127க்குக் கொஞ்சம் யோசிப்போம். 4 கோடி இலக்கத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் நூற்றுக்கு நூறு நிச்சயத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் வைத்துப் பார்த்துவிடலாம். வேண்டியவை: நிறைய லட்டு, ஒரு செவ்வகத் தட்டு, ஒரு வட்டத் தட்டு, அளவான டப்பாக்கள்.

முதல் படி: செவ்வகத் தட்டு

12 லட்டு இருக்கிறது. தட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று அடுக்கலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு என்றும் அடுக்கலாம். மூலை எதுவும் காலியில்லை, கையில் மிச்சமும் இல்லை. இன்னொரு லட்டு சேர்ந்து 13 ஆகட்டும். எத்தனை வரிசையாகப் போட்டாலும் ஏதாவது மிஞ்சும். ஒரே நீள வரிசையாக வைத்தால்தான் சரிவரும். செவ்வகமாக அடுக்க முடிகிற குவியல் பகு எண். அடுக்க முடியாதது பகா எண்.

127 லட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டிரண்டாக அடுக்கினால் மிச்சம் 1. மூன்று மூன்றாக, மிச்சம் 1. ஐந்தைந்தாக, 2. ஏழேழாக, 1. பதினொன்றாக, 6. அவ்வளவுதான், நிறுத்திவிடலாம். அடுத்த பகா எண் 13. 13 வரிசைக்கு 13 என்றால் 169, குவியலைவிட அதிகம். செவ்வகம் ஒன்று இருந்தால் அதன் சின்னப் பக்கம் குவியலின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அதுவரை பார்த்தால் போதும்.

127க்கு ஐந்து தடவையில் முடிந்த வேலை நம் எண்ணுக்கு முடியாது. அதன் வர்க்கமூலத்துக்கே 2 கோடிக்கு மேல் இலக்கங்கள். கண்ணுக்கும் கருவிக்கும் எட்டுகிற பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைச் சுமார் 80 இலக்கத்தில் எழுதிவிடலாம். அணுவுக்கு ஒரு தட்டு வீதம் கொடுத்தாலும் அடுக்கிப் பார்க்கும் வேலை தொடங்கியதாகக்கூட ஆகாது. ஆகவே தட்டை ஓரமாக வைத்துவிட்டு, குவியல் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: குவியலின் பிறப்பு

முதல் நாள் 1 லட்டு, மறுநாள் 2, அடுத்த நாள் 4, பிறகு 8 என்று தினமும் இரட்டிப்பாகப் பிடித்துக் கொட்டுகிறோம். மூன்று நாளில் 7, ஐந்து நாளில் 31, ஏழு நாளில் 127. எந்த நாளில் நிறுத்தினாலும் குவியல், 2இன் ஓர் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருக்கும். இந்த வகை எண்களுக்குப் பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் பெயர் நிலைத்துவிட்டது. 1644இல் அவர் 257 வரையிலான அடுக்குகளில் எவையெவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. பட்டியலை முழுதாகச் சரிபார்க்க 300 ஆண்டுகள் ஆயின.

நம் எண் 13,62,79,841 நாள் கொட்டிய குவியல். எல்லா நாள் கணக்கும் உதவாது. ஆறு நாள் குவியலைப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32, மொத்தம் 63. முதல் மூன்று நாளில் 7 லட்டு. அடுத்த மூன்று நாளில் 56, அதாவது எட்டு ஏழு. முதல் மூன்று நாள் குவியலை ஒரு வரிசையாக வைத்தால் மீதி அப்படியே அதன் கீழ் எட்டு வரிசையாக அமர்ந்துவிடும். நாள் கணக்கைச் சம பாகமாகப் பிரிக்க முடிந்தாலே குவியலும் செவ்வகமாகிவிடும். ஆகவே நாள் கணக்கே பகா எண்ணாக இருக்க வேண்டும். 13,62,79,841 பகா எண்தான்.

அது போதுமா என்றால் போதாது. 11 பகா எண். ஆனால் 11 நாள் குவியல் 2,047. அது 23 வரிசை, வரிசைக்கு 89 என்று அடங்கிவிடுகிறது. அந்த 23ஐயும் 89ஐயும் கவனியுங்கள். 11இன் இருமடங்கு 22. 23 என்பது 22க்கு ஒன்று அதிகம். 89 என்பது நான்கு 22க்கு ஒன்று அதிகம். இது தற்செயல் இல்லை. பகா எண் நாள்கள் கொட்டிய குவியலுக்குக் காரணி இருந்தால், அது நாள் கணக்கின் இருமடங்கினுடைய ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று அதிகமாகத்தான் இருக்கும். அதோடு, 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்சும். நம் எண்ணுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், இருக்கக்கூடிய மிகச் சிறிய காரணியே 81,76,79,047. அதற்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் தொடாமலே தள்ளிவிடலாம்.

போட்டிக்கு வரும் அடுக்குகளை முதலில் இப்படித்தான் சலிக்கிறார்கள். இந்த வடிவத்தில் உள்ள காரணிகளை ஓர் எல்லைவரை போட்டுப் பார்த்து, பெருவாரியானவற்றைக் கழித்துவிடுவார்கள். தப்பிப் பிழைப்பவை மட்டும் அடுத்த படிக்குப் போகும்.

மூன்றாம் படி: வட்டத் தட்டு

விளிம்பைச் சுற்றி 5 குழிகள் உள்ள வட்டத் தட்டு. பூந்தி லட்டு, ரவா லட்டு என இரண்டு வகை. குழிக்கு ஒன்றாக எத்தனை விதமாக வைக்கலாம்? ஒவ்வொரு குழிக்கும் இரண்டு வாய்ப்பு. மொத்தம் 32 விதம். எல்லாமே பூந்தி, எல்லாமே ரவா என்ற இரண்டை விலக்கினால் 30.

இந்த முப்பதில் ஏதாவது ஒன்றை எடுத்துத் தட்டை ஒரு குழி அளவு திருப்புங்கள். வேறொரு அடுக்கு தெரியும். ஐந்து முறை திருப்பினால் பழையபடி ஆகும். அதற்கு முன்பே பழையபடி ஆகுமா? ஆக வேண்டுமானால் ஒரே கோலம் தட்டைச் சுற்றிச் சம பாகமாகத் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். 5 பகா எண். சம பாகம் கிடையாது. எனவே முப்பதும் ஐந்தைந்து பேர் கொண்ட ஆறு குழுக்களாக மிச்சமின்றிப் பிரியும். குழிகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் எந்தத் தட்டிலும் இது நடக்கும். லட்டு எத்தனை வகை என்பதும் பொருட்டில்லை.

6 குழித் தட்டில் பூந்தி, ரவா, பூந்தி, ரவா என்று மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு திருப்பத்திலேயே பழையபடி ஆகிவிடும். குழு கலைந்துவிடுகிறது. 64இல் 2 போனால் 62. அது 6ஆல் வகுபடாது. 1640இல் பியர் ஃபெர்மா சொன்ன தேற்றத்தின் உட்பொருள் இதுதான்.

இதைத் திருப்பிப் போட்டால் சோதனை. சந்தேகத்துக்குரிய எண்ணையே குழிகளின் எண்ணிக்கையாக வைத்துக் கணக்குப் போடுங்கள். மிச்சம் வந்தால் அது நிச்சயம் பகு எண். காரணி என்னவென்று தெரியாமலே தீர்ப்புச் சொல்லலாம். மிச்சம் வராவிட்டால்? பகா எண்ணாக இருக்கலாம், அவ்வளவே. 341 என்பது 11 பெருக்கல் 31. ஆனாலும் இரண்டு வகை லட்டுச் சோதனையில் மிச்சமில்லாமல் தேறிவிடும். மெர்சென் குடும்பத்தில் இந்த ஏமாற்று இன்னும் மோசம்: அடுக்கு பகா எண்ணாக இருந்தால் அத்தனை மெர்சென் எண்களும், 2,047 உட்பட, இரண்டு வகைச் சோதனையில் தேறிவிடுகின்றன. அதனால்தான் இங்கே மூன்று வகை லட்டு வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் 2,047 மாட்டிக்கொள்கிறது.

4 கோடி இலக்க எண்ணிக்கையில் குழிகள் என்றால் எத்தனை முறை பெருக்குவது என்று மலைக்க வேண்டாம். 3ஐ வர்க்கமாக்கி, வந்ததை வர்க்கமாக்கி, மறுபடியும் வர்க்கமாக்கிப் போனால் அடுக்கு ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கும். 13.6 கோடி வர்க்கங்களில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு வர்க்கத்துக்குப் பிறகும் மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டால் எண்ணும் பெருத்துப் போகாது.

நான்காம் படி: டப்பா

இருக்கலாம் என்பதை இருக்கிறது என்று மாற்றுவது இந்தப் படி. இதுவரை குவியலாக இருந்த நம் எண் இனி டப்பாவின் கொள்ளளவு. 127க்கே முதலில் செய்து பார்ப்போம். ஒரு டப்பா 127 லட்டு பிடிக்கும். எத்தனை லட்டு வந்தாலும் டப்பாக்களை நிரப்பி அனுப்பிவிட்டு, நிரம்பாமல் நிற்கும் மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதி சுருக்கமானது. 4 லட்டில் தொடங்குங்கள். கையில் உள்ள எண்ணிக்கையை அதனாலேயே பெருக்குங்கள். இரண்டை எடுத்துவிடுங்கள். டப்பா நிரப்புங்கள். மிச்சத்தோடு மறுபடியும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தால் போதும்; 127 ஏழாம் அடுக்கு, எனவே ஐந்து சுற்று.

முதல் சுற்று: 4 பெருக்கல் 4, 16. இரண்டு போக 14.
இரண்டாம் சுற்று: 14இன் வர்க்கம் 196. இரண்டு போக 194. ஒரு டப்பா நிரம்பி மிச்சம் 67.
மூன்றாம் சுற்று: 67இன் வர்க்கம் 4,489. இரண்டு போக 4,487. மிச்சம் 42.
நான்காம் சுற்று: 42இன் வர்க்கம் 1,764. இரண்டு போக 1,762. மிச்சம் 111.
ஐந்தாம் சுற்று: 111இன் வர்க்கம் 12,321. இரண்டு போக 12,319. சரியாக 97 டப்பா. மிச்சம் 0.

கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 2,047க்கு இதே சமையலை ஒன்பது சுற்று செய்தால் கடைசியில் 1,736 மிஞ்சும். இந்த முறையின் கரு, பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்காவுடையது. 1876இல் அவர் 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்று கையாலேயே கணக்கிட்டுக் காட்டினார். முக்கால் நூற்றாண்டுக்கு அதை யாரும் தாண்டவில்லை. 1930இல் அமெரிக்கர் டெரிக் லெமர் சோதனையை இன்றைய எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் இது லூக்கா–லெமர் சோதனை.

டப்பா நிரப்பும் இடத்தில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. மிச்சம் காண வகுக்கவே வேண்டியதில்லை. டப்பா 127 பிடிக்கும் என்றால், 128 லட்டு கொண்ட ஒவ்வொரு கூறும் ஒரு டப்பாவை நிரப்பிவிட்டு ஒரு லட்டை மிச்சம் வைக்கும். 4,489இல் 128 கொண்ட கூறுகள் 35, மேற்கொண்டு 9. அந்த 35 கூறுகளும் ஆளுக்கொரு லட்டு விட்டுப்போனால் 35. அதோடு 9, ஆக 44. இரண்டு போக 42. மேலே வந்த அதே விடை. கணினி எண்களை 0, 1 என்று இரும முறையில் எழுதுகிறது. அதில் 128ஆல் கூறுபோடுவது என்பது எண்ணை ஏழாவது இடத்தில் வெட்டுவதுதான். வெட்டி இரண்டு துண்டையும் கூட்டினால் முடிந்தது. நம் எண்ணுக்கு வெட்டும் இடம் 13,62,79,841. 8 கோடி இலக்க எண்ணை 4 கோடி இலக்க எண்ணால் வகுக்க வேண்டிய பெரும்பாடு, ஒரு கூட்டலில் முடிந்துவிடுகிறது.

பூஜ்யம் வந்தால் ஏன் போதும்?

தொடக்கத்தில் எடுத்த 4க்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன: 2 + √3, 2 − √3. கூட்டினால் 4, பெருக்கினால் 1. இரண்டையும் வர்க்கமாக்கினால் 7 + 4√3, 7 − 4√3. பெருக்கல் பலன் இப்போதும் 1. கூட்டினால் 14, அதாவது 4இன் வர்க்கத்தில் இரண்டு குறைவு. வர்க்கமாக்கி இரண்டைக் கழிக்கும் விதி இங்கிருந்து வருகிறது. நாம் மேலே லட்டை எண்ணிக்கொண்டிருக்க, அடியில் 2 + √3 என்ற எண் சுற்றுக்குச் சுற்று தன் அடுக்கை இரட்டித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது வட்டத் தட்டுக்குத் திரும்புவோம். 2 + √3ஆல் ஒருமுறை பெருக்குவதை ஒரு குழி நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் சுற்றில் மிச்சம் 0 வந்தது என்றால் அதற்குப் பொருள், 64 குழி நகர்ந்தபோது −1இல் நிற்கிறோம், 128 குழி நகர்ந்தபோதுதான் முதன்முதலாக 1க்குத் திரும்புகிறோம் என்பது. ஆக, இந்த வட்டத்தில் ஒன்றுக்கொன்று வேறான 128 குழிகள் இருந்தே தீர வேண்டும்.

127க்கு ஒரு சின்னக் காரணி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணி அளவுள்ள குட்டி டப்பாவை வைத்து மிச்சம் பார்த்தாலும் இதே 128 குழிச் சுற்று நடந்தாக வேண்டும். ஆனால் அந்த டப்பாவில் வரக்கூடிய மிச்சங்கள் எத்தனை? சாதாரண எண்ணுக்கு ஒரு மிச்சம், √3க்கு ஒரு மிச்சம் என்று ஜோடியாக வரும். காரணியை அதனாலேயே பெருக்கி, இரண்டும் பூஜ்யமான ஜோடியை விலக்கினால் கிடைப்பதுதான் உச்ச எண்ணிக்கை. சின்னக் காரணியின் வர்க்கம் 127ஐத் தாண்டாது என்று முதல் படியிலேயே பார்த்தோம். ஆகவே இடம் 126க்கு மேல் இல்லை. 128ஐ 126இல் அடைக்க முடியாது. எனவே அப்படி ஒரு காரணி இல்லை. பெரிய எண்ணுக்கும் வாதம் இதேதான், ஒரு சொல்கூட மாறாது. இதன் மறுபக்கமும் உண்மை: மெர்சென் எண் பகா எண்ணாக இருந்தால் கடைசிச் சுற்றில் பூஜ்யம் தவறாமல் வரும். 3க்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அதை நாமே சொல்லிவிடலாம்.

இந்தச் சோதனை ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் காரணியைக் காட்டாது. மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா 1876இலேயே காட்டிவிட்டார். ஆனால் எதனால் வகுபடும் என்று 1903 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 19,37,07,721ஐயும் 7,61,83,82,57,287ஐயும் பெருக்கிக் காட்டினார். பேச்சே இல்லாமல் கரும்பலகையில் பெருக்கி முடித்துவிட்டு அமர்ந்தார் என்பார்கள். இரண்டாம் படியில் சொன்ன வடிவம் இங்கேயும் பொருந்துகிறது: 19,37,07,721இல் ஒன்றைக் கழித்தால் 134ஆல் மீதியின்றி வகுபடும்.

ஐந்தாம் படி: பெரிய அடுப்பு

விதி எளிது, அளவுதான் பூதம். நம் எண்ணுக்கு 13.6 கோடிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 4 கோடி இலக்க எண்ணை வர்க்கமாக்க வேண்டும். பள்ளியில் கற்ற பெருக்கல் முறையில் ஒரு சுற்றுக்கே சுமார் 17 கோடி கோடி இலக்கப் பெருக்கல்கள். அதனால் எண்ணைப் பல லட்சம் துண்டுகளாக வெட்டி, வேக ஃபூரியர் மாற்றம் என்ற முறைக்குக் கொடுக்கிறார்கள். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கிற அதே கணிதம். மாற்றிய பின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வர்க்கமாக்கி, மறுபடியும் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தால் விடை. 1994இல் ரிச்சர்ட் கிராண்டலும் பேரி ஃபேகினும் வெளியிட்ட மாற்று வடிவத்தில், டப்பா நிரப்பும் வேலையும் இந்த மாற்றத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

1952இல் ராஃபேல் ராபின்சன் ஸ்வாக் என்ற தொடக்ககாலக் கணினியில் ஒரே ஆண்டில் ஐந்து மெர்சென் பகா எண்களைக் கண்டார். 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலைத் தொடங்கினார். தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில் ஆளுக்கொரு அடுக்கைச் சோதிக்கும் ஏற்பாடு. 28 ஆண்டுகள் வீட்டுக் கணினிகளே வென்றன. 2024இல் அமெரிக்கர் லூக் டூரன்ட் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராஃபிக்ஸ் சிப்களைக் களமிறக்கினார். அக்டோபர் 11ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினில் இருந்த என்விடியா ஏ100 சிப் ஒன்று, ஃபெர்மா சோதனையில் இந்த எண் தேறியதாகச் சொன்னது. மறுநாள் டெக்சஸில் உள்ள சான் ஆன்டோனியோவில் எச்100 சிப் ஒன்று லூக்கா–லெமர் சோதனையை முடித்து உறுதி செய்தது.

நிச்சயமான சோதனை கையில் இருக்க, முதலில் ஏன் ஃபெர்மா? கோடிக்கணக்கான சுற்றில் எங்காவது ஒரு இலக்கம் பிசகினாலும் கடைசி மிச்சம் பிழைபட்டு, நிஜமான பகா எண் கைநழுவிப் போய்விடும். ஃபெர்மா சோதனையில் பாதி வழியிலேயே பிசகைக் கண்டுபிடிக்க ராபர்ட் கெர்பிட்ஸ் ஒரு மலிவான வழி சொன்னார். லூக்கா–லெமருக்கு அவ்வளவு வலுவான காவல் இல்லை. அதனால் வடிகட்ட ஃபெர்மா, முத்திரை குத்த லூக்கா–லெமர்.

இறக்கி வைத்தால் என்ன தெரிகிறது?

இரும முறையில் நம் எண்ணை எழுதினால் 13,62,79,841 ஒன்றுகள். ஒரு பூஜ்யம்கூட இல்லை. இதனோடு 2¹³⁶²⁷⁹⁸⁴⁰ஐப் பெருக்கினால் 8,20,48,640 இலக்கங்கள் கொண்ட ஒரு நிறைவு எண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருவது நிறைவு எண்: 28க்கு 1, 2, 4, 7, 14. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவு எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டை நிறைவு எண்கள் எல்லாம் இந்த வழியில் மட்டுமே வரும் என்று ஆய்லர் நிரூபித்தார். ஒற்றை நிறைவு எண் உண்டா என்பது இன்றும் திறந்த கேள்வி. மெர்சென் பகா எண்களுக்கு முடிவு உண்டா என்பதும் அப்படியே. இது நமக்குத் தெரிந்தவற்றில் 52ஆவது.

மிகப் பெரிய பகா எண் என்று செய்தியில் வரும்போது, வரிசையாக எண்ணிக்கொண்டே போய் இங்கே வந்து நிற்கிறார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 9.4 கோடிக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எனவே இதற்கும் முந்தைய சாதனை எண்ணுக்கும் நடுவே இருக்கும் பகா எண்களின் எண்ணிக்கையை எழுதவே 4 கோடி இலக்கம் வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட நாம் அறியோம். இதற்கு அடுத்து வரும் பகா எண் எது என்றும் தெரியாது. பக்கத்தில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக வட்டத் தட்டில் வைத்துப் பார்க்கலாம்தான். கோடிக்கணக்கில் வைத்த பிறகு ஒன்று தேறினாலும், இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. எந்த எண்ணையும் நியாயமான கால அளவில் சோதித்துவிடலாம் என்று 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் நிரூபித்தார்கள். உலகம் வியந்த சாதனை அது. ஆனால் அந்த முறையும் கோடி இலக்கங்களுக்கு நடைமுறையில் எட்டாது.

நம் எண்ணை மட்டும் ஏன் எட்ட முடிந்தது? அதனோடு ஒன்றைக் கூட்டினால் வருவது வெறும் இரண்டுகளின் பெருக்கம். பக்கத்து எண் முழுவதும் உடைத்த நிலையில் கையில் இருப்பதால் 2 + √3 சுற்றுவதற்குச் சரியான அளவில் வட்டம் அமைகிறது, டப்பா நிரப்புவதும் கூட்டலாகச் சுருங்குகிறது. பெரிதாக இருந்தும் அகப்பட்டதற்குக் காரணம் இந்தப் பிறப்புதான்.

இந்த எண்ணால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறைக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். அவையும் பிறர் அறியாதவையாக இருக்க வேண்டும். இதன் சிறிய உறவினர்கள் உழைக்கிறார்கள்: 2⁵²¹ − 1ஐ வைத்து ஒரு மறையாக்கத் தரம் இயங்குகிறது, மெர்சென் ட்விஸ்டர் என்ற பிரபலமான சீரற்ற எண் நிரல் 2¹⁹⁹³⁷ − 1 எண்கள் தந்த பிறகே திரும்பத் தொடங்கும். தேடலுக்கு எழுதிய நிரலுக்கும் வேலை உண்டு. 2016இல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் இருந்த ஒரு கோளாறு, கிம்ப்ஸ் நிரலை ஓட்டியபோதுதான் வெளிப்பட்டது.

10 கோடி இலக்கம் தாண்டும் முதல் பகா எண்ணுக்கு அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 1,50,000 டாலர் பரிசு அறிவித்திருக்கிறது. அது மெர்சென் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இல்லை. ஆனாலும் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 33.2 கோடிக்கு மேற்பட்ட அடுக்குகளைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவிலும் மிச்சத்தைக் கூட்டலிலேயே காணவிடும் டப்பா அங்கேதான் இருக்கிறது.